உமா வாரா

"வளையலக் கழட்டும்மா. டோரிஸ் கையில எப்பவுமே வளையல் கெடையாது."

"கழட்டுறேன் அங்கிள், மாட்டிக்கிச்சு. கொஞ்சம் சோப்பு குடுங்க."

"நகத்துல என்ன, ரோஸ் கலரா? அறுபது தாண்டுன பொம்பள ரோஸ் கலர்லயா நகம் வச்சிருப்பா?"

"இது நேத்துதான் போட்டது அங்கிள்! எங்க வீட்டுக்காரரு பாத்து நல்லா இருக்குன்னு சொன்னாரு. அவரு அப்படில்லாம் சொல்றவரே கெடையாது."

வீட்டுக்காரர் சொன்னது நியாயமா அநியாயமா என்று ஆராய ஸ்டான்லிக்கு நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வழக்கமாக வருகிற வீடியோ கால் அடிக்க ஆரம்பித்துவிட்டது. சோப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட லலிதாவின் கையை இழுத்துத் துண்டால் துடைத்து, லேஸ் பின்னுகிற குரோஷா ஊசியைத் திணித்தார். பிஸ்கட் டின்மேல் சாய்த்து வைத்த போன், லலிதாவின் மடியை மட்டும் பார்க்கிற மாதிரி இருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு பச்சைப் பொத்தானைத் தொட்டுவிட்டுக் கட்டிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

"டோரிஷ்!" என்றது போன்.

லலிதா ஊசியை ஆட்டினாள். மாடி வீட்டு லலிதாவுக்கு லேஸ் பின்னத் தெரியும் என்பது ஸ்டான்லிக்கு ஆண்டவர் காட்டிய வழி. ஆனால் அவள் டோரிஸ் இல்லை. டோரிஸ் ஈஸ்டருக்கு முந்தின வாரம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இதற்குள் எப்படி வந்து மாட்டினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஸ்டான்லி ரயில்வே அக்கவுண்ட்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். அப்பா காலத்திலேயே செகந்திராபாத் வந்தாயிற்று. பேச்சு மட்டும் ஊர்ப் பேச்சு. பிள்ளைகள் இல்லை. திருமுல்கேரியில் ஒரு பழைய காலனியில் அவரும் டோரிஸும்தான். அவளுக்கு லேஸ் பின்னுவதுதான் உயிர். போனில் லேஸ் வீடியோக்கள் பார்த்துப் பார்த்து, போர்ச்சுகலில் ஏதோ மலையடிவாரத்து ஊரில் இருக்கிற அமேலியா என்ற அம்மாளைப் பிடித்துவிட்டாள். இவளுக்கு அந்த பாஷை தெரியாது, அவளுக்கு இந்த பாஷை தெரியாது. இருந்தாலும் வாரம் தவறாமல் பேசினார்கள்.

"என்னத்தப் பேசுதிய?" என்று ஒரு நாள் கேட்டார்.

"எல்லாந்தான். அவ மேசைன்னா நம்ம மேசைதான். ஜன்னல, ஜனேலாங்கா. சாவிக்கு சாவ். துவாலைக்கு துவால்யா. நம்ம ஊர்லருந்து எடுத்துட்டுப் போயிருப்பாவளோ?"

"அவனுவதான் நமக்குக் குடுத்துட்டுப் போனது."

"யாரு குடுத்தா என்ன, ஒண்ணுதான?"

இப்படி ஏழெட்டு வார்த்தைகள். அதற்கு மேல் வேண்டியதற்குக் கை இருந்தது. இருவரும் முகத்தைக் காட்டிக்கொள்வதில்லை. போன் மடியைப் பார்க்கும். டோரிஸ் விரலை விரித்து ஒரு ஜாண் காட்டினால், அங்கேயும் ஒரு கை விரிந்து "பால்மு" என்னும். இவள் ஜாணும் அவள் பால்முவும் ஒன்று என்று தெரிந்த நாளில் டோரிஸ் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். அன்றைக்குத்தான் ஒரு பீடத் துணி பின்னுவதென்று முடிவானது. பாதி அங்கே, பாதி இங்கே. ஒவ்வொரு பாதியும் நாலு ஜாண் அகலம், அஞ்சு ஜாண் நீளம். இரண்டையும் சேர்த்துத் தைத்து, செப்டம்பர் மாதா திருவிழாவுக்கு இங்கே கோயில் பீடத்தில் விரிக்க வேண்டும். மூன்று ஜாண் நீளம் பின்னியிருந்தபோது டோரிஸுக்கு நெஞ்சுவலி வந்தது.

அடக்கம் முடிந்த ஞாயிறு போன் அடித்தது. ஸ்டான்லி எடுத்தார். திரையில் ஒரு மடி, ஒரு லேஸ், ஒரு கை. "டோரிஷ்?" என்று அந்தக் கை கேட்டது.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்த ஏழெட்டு வார்த்தைகளில் செத்துப்போனாள் என்பதற்கு வார்த்தை இல்லை. மேசையும் சாவியும் துவாலையும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் பெண்டாட்டி செத்ததை எப்படிச் சொல்லுவான்? மேலே பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார்; போன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கை தெரியவில்லை. கடைசியில் "டோரிஸ்... ஜன்னல்..." என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. "ஆ, ஜனேலா!" என்று அந்தப் பக்கம் சமாதானமாகிவிட்டது. டோரிஸ் ஜன்னல் பக்கம் நிற்கிறாள், வருவாள் என்று புரிந்துகொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வைத்துவிட்டது.

அன்று ராத்திரி அவருக்கு ஒன்று தோன்றியது. கோயிலுக்குத் தெரியும், காலனிக்குத் தெரியும், பால்காரனுக்குத் தெரியும். இந்த உலகத்தில் அமேலியா ஒருத்திக்குத்தான் டோரிஸ் இன்னும் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருக்கிறாள். அதையும் நாமே போய்க் கெடுப்பானேன்? நினைத்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார். காலையில் எழுந்து மாடிப்படி ஏறி லலிதாவைக் கூப்பிட்டார்.

முதல் தொந்தரவு ஜாணில் வந்தது. லலிதா நல்ல உயரம், கையும் நீளம். அவள் நாலு ஜாண் அகலத்துக்குப் பின்னிக்கொண்டே போக, டோரிஸ் பின்னிய பகுதிக்கு மேல் துணி விரிந்துகொண்டே போய்ப் பாவாடை மாதிரி நின்றது.

"இது பீடத்துக்கா, எனக்கா அங்கிள்?" என்றாள் லலிதா, இடுப்பில் வைத்துப் பார்த்து.

"வெளாடாத. உன் ஜாண் வேற, அவ ஜாண் வேற."

அக்கவுண்ட்ஸ் மூளை விழித்துக்கொண்டது. இண்டர்நெட்டில் தேடினார். போர்ச்சுகல் பால்மு இருபத்திரண்டு சென்டிமீட்டர். ஸ்பெயின் பால்மு அதைவிட ஒரு சென்டிமீட்டர் போலக் குறைவு. ராஜாங்கம் யாரோ ஒருத்தர் கையை அளந்து சட்டமாக்கியிருக்கிறது. யார் கை என்று மட்டும் போடவில்லை. டோரிஸ் கை இதிலெல்லாம் சேராது. அவளுக்குப் பத்தொன்பது இருந்தால் அதிகம். எதற்கும் இருக்கட்டும் என்று துணியைத் தூக்கிக்கொண்டு டெய்லர் முகமது யூசுப்பிடம் போனார்.

"ரெண்டு பக்கமும் பிடிச்சு சின்னதாக்கிக் குடுங்க பாய்."

யூசுப் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நக்கோ சாப், முடியாது. துணின்னா பிடிக்கலாம். இதுல பாதி ஓட்டை. ஓட்டைய எப்படிப் பிடிக்கிறது?"

"அப்போ என்ன செய்ய?"

"பிரிச்சுட்டுப் புதுசா பின்னச் சொல்லுங்க. காய்கு டென்ஷன், எதுக்குக் கவல?"

பிரித்தார்கள். லலிதா தன் பங்கின் நுனியைப் பிடித்து இழுக்க, நூல் சரசரவென்று அவிழ்ந்து வந்தது. பார்க்க வேடிக்கையாகக்கூட இருந்தது. அவள் நெயில் பாலிஷ் கதையைப் பேசிக்கொண்டே இழுத்ததில் எல்லை தாண்டியது தெரியவில்லை.

"நிறுத்து! நிறுத்துன்னா!"

லலிதா பயந்து கையை எடுத்தாள். டோரிஸ் பின்னியதில் ஒரு விரற்கடை போய்விட்டது. தரையில் சுருள் சுருளாகக் கிடந்த நூலை ஸ்டான்லி குனிந்து பொறுக்கினார். அதில் எது லலிதாவின் நூல், எது டோரிஸின் நூல் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில்கூட அவர் அப்படி அழவில்லை.

"மன்னிச்சிருங்க அங்கிள்."

"உன் மேல என்னம்மா தப்பு?" என்றார். ஆனால் அந்த நூலைக் குப்பையில் போட விடவில்லை.

அதற்கடுத்த ஞாயிறுதான் உமா வந்து சேர்ந்தாள். அதாவது, வருகிறாள் என்ற சேதி வந்தது.

போனில் அந்தக் கை ஒரு விரலை உயர்த்திக் காட்டியது. குரலில் ஒரே சந்தோஷம். "உமா வாரா, டோரிஷ்! உமா வாரா!"

கட்டிலுக்குப் பின்னால் ஸ்டான்லி நிமிர்ந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். அவருடைய ஊர்ப் பேச்சில் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு.

கால் முடிந்ததும் கேட்டார். "யாரும்மா உமா?"

"எனக்கெப்படித் தெரியும் அங்கிள்? தமிழ்லயா சொன்னாங்க?"

"சுத்தத் தமிழு. உமா வாரான்னு. நம்மாளு ஒருத்தி அங்க இருப்பா போல. அவகிட்ட கேட்டுப் பாடம் பண்ணிச் சொல்லுதாவ. துணியக் குடுத்து அனுப்புதாவளோ என்னமோ!"

"ஹவ், ஆமா அங்கிள், ஒரு விரல் காட்டுனாங்களே. ஒரு வாரத்துல வருவா."

போனில் கையைக் காட்டி ஏமாற்றலாம். வீட்டுக்கு வருகிறவளிடம் எதைக் காட்டுவது?

"நீயே டோரிஸா உக்காந்துரு."

"எனக்கு நாப்பத்தோரு வயசு அங்கிள்! உங்களுக்கு நான் ஒய்ஃபா? எங்க வீட்டுக்காரரு கேட்டா என்ன சொல்றது?"

அதுவும் சரிதான். எப்போது வருகிறாள் என்றாவது தெரிந்துகொள்வோம் என்று மறு ஞாயிறு ஸ்டான்லி துணிந்து, கட்டிலுக்குப் பின்னாலிருந்தபடியே குரல் கொடுத்தார். "உமா... எப்ப? எங்க தங்குவா?" தமிழ் அங்கே எடுபடவில்லை. தெரிந்த வார்த்தைகளை வைத்துத்தானே கேட்க வேண்டும்? "உமா... மேசை?"

"உமா மேசா!" என்றது போன், குதூகலமாக.

"உமா ஜன்னல்?"

"உமா ஜனேலா! உமா சாவ்! உமா துவால்யா!"

ஸ்டான்லி லலிதாவைப் பார்த்தார். "உமாக்கு மேசை வேணுமாம். ஜன்னல் வேணுமாம். சாவியும் துவாலையும் வேணுமாம். இங்கதாம்மா தங்கப் போறா!"

வீட்டில் ஜன்னல் உள்ள அறை ஒன்றுதான். டோரிஸ் உட்கார்ந்து பின்னுகிற அறை. அவள் போனதிலிருந்து அவர் அதைத் திறந்து பெருக்குவதோடு சரி, அலமாரியைத் தொட்டதில்லை. இப்போது தொட வேண்டியதாயிற்று. வருகிற பெண் துணிமணியை எங்கே வைப்பாள்? ஒவ்வொரு சேலையாக எடுத்து அட்டைப் பெட்டியில் அடுக்கினார். கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையை மட்டும் வைப்பதும் எடுப்பதுமாக ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. கடைசியில் அதைத் தன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். மேசை ஒன்று வாங்கி ஜன்னலோரம் போட்டார். புதுத் துவாலை, மாற்றுச் சாவி. ரொம்ப நாளைக்கப்புறம் அந்த அறையில் விளக்கு எரிந்தது. ஒரு ஆள் வருவதற்காக வீடு காத்திருப்பது நல்லாத்தான் இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. உடனே குற்றவுணர்வாகவும் இருந்தது.

வாசலில் ஆட்டோ நின்றால் எட்டிப் பார்ப்பார். பஸ்ஸிலிருந்து பையோடு யாராவது பெண் இறங்கினால் கேட்டைத் திறப்பார்.

ஒரு வியாழக்கிழமை காலை மணி அடித்தது. வாசலில் சுடிதார் போட்ட பெண். தோளில் கனமான பை.

"ஸ்டான்லி சாரா? நான் உமா."

"வாம்மா, வா வா! உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். பிரயாணமெல்லாம் சௌகரியமா?"

"ஸ்கூட்டிதான் சார்."

"அங்கருந்து ஸ்கூட்டியிலயா!"

"லோத்குண்டாதானே சார், எவ்ளோ தூரம்?" தமிழைத் தெலுங்கு ராகத்தில் பேசினாள். ராத்திரியே வந்து பக்கத்து ஏரியா லோத்குண்டாவில் தங்கியிருக்கிறாள் போல என்று ஸ்டான்லி நினைத்துக்கொண்டார்.

உட்கார வைத்தார். காப்பி கொடுத்தார். முறுக்கும் கேக்கும் வைத்தார். அவள் தயங்கித் தயங்கித் தின்றாள். "கிச்சன் எங்க சார்?" என்று கேட்டபோது, "வந்த பிள்ளைய சமைக்க விடுவேனா?" என்று மறித்தார். ஜன்னல் அறையைத் திறந்து காட்டினார். மேசையைக் காட்டினார். சாவியைக் கையில் வைத்தார். அவள் சாவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மேடம் இல்லயா சார்?"

அந்தக் கேள்விக்குத்தான் அவர் இத்தனை நாளாகப் பொய் தயார் பண்ணி வைத்திருந்தார். தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா, வேளாங்கண்ணிக்குப் போயிருக்கா. வாயில் வந்தது வேறு.

"இல்லம்மா. டோரிஸ் இல்ல. போயிட்டா. அமேலியாம்மாகிட்ட சொல்லிராத. நான் மாடி வீட்டுப் பிள்ளை கையக் காட்டி ஏமாத்திட்டேன். வேணும்னு செய்யல. அவளாவது டோரிஸ் இருக்கான்னு நெனச்சிட்டிருக்கட்டும்னு..."

முழுக்கச் சொன்னார். ஜாண் கதை, நூல் பிரிந்த கதை, எல்லாம். யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகப் பையைத் திறந்தாள். லேஸ் வரப்போகிறது என்று ஸ்டான்லி கையை நீட்டினார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு ரப்பர் குழாய் வந்தது.

"சார்... நான் கேஸ் ஏஜென்சிலருந்து டியூப் செக் பண்ண வந்தேன்."

ஸ்டான்லி எழுந்து சமையலறைக்கு வழி காட்டினார். அவள் டியூபை மாற்றினாள். போகும்போது சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வாசலில் நின்று திரும்பினாள்.

"அங்கிள், சொல்லிடுங்க. இவ்ளோ பாரத்தத் தூக்கிட்டு எப்படி இருப்பீங்க? எங்க ஏரியா கான்வென்ட்ல ஒரு சிஸ்டர் இருக்காங்க. ஆப்பிரிக்கால ரொம்ப வருஷம் இருந்தவங்க. அங்க போர்ச்சுகீஸ்தான் பேசுவாங்களாம். டியூப் மாத்தப் போனப்போ சொன்னாங்க."

அப்படித்தான் சிஸ்டர் எவாஞ்சலின் அடுத்த ஞாயிறு வந்து பிஸ்கட் டின்னுக்கு எதிரே உட்கார்ந்தார். மொசாம்பிக்கில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்து வயதாகித் திரும்பியவர். ஸ்டான்லி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, முதலில் உமா விஷயத்துக்கு வாய்விட்டுச் சிரித்தார்.

"உமான்னா ஒண்ணு. வாரா ஒரு அளவு, நம்ம கஜம் மாதிரி. அஞ்சு ஜாண் சேந்தா ஒரு வாரா. அவங்க பாதித் துணி அஞ்சு ஜாண் நீளத்துக்கு முடிஞ்சிருச்சுன்னு சொல்லியிருக்காங்க."

"அப்போ உமா மேசை?"

"ஒரு மேசை."

"உமா ஜன்னல்?"

"ஒரு ஜன்னல். நீங்க பாஷை படிக்கிறீங்கன்னு நெனச்சு சொல்லிக் குடுத்திருக்காங்க, பாவம்."

லலிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஸ்டான்லியும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, அப்படியானால் யாரும் வரப்போவதில்லை என்பது உறைத்தது. இல்லாத ஒருத்திக்காக டோரிஸின் அலமாரியைக் காலி பண்ணியிருக்கிறார். சிரிப்பு பாதியில் நின்றது.

நாலு மணிக்குப் போன் அடித்தது. மடி, லேஸ், கை. "டோரிஷ்!"

லலிதா பழக்கத்தில் ஊசியை எடுத்தாள். ஸ்டான்லி அதை வாங்கிக் கீழே வைத்தார்.

"சொல்லிருங்க சிஸ்டர். டோரிஸ் போயிட்டா, இவ்வளவு நாளும் அது அவ கை இல்லன்னு சொல்லுங்க. துணி ஒழுங்கா அமையலன்னும் சொல்லுங்க. அவங்களுக்கு நெஞ்சு கனக்காம பாத்துச் சொல்லுங்க. என்னால கேக்க முடியாது."

சொன்னாரே தவிர, கட்டிலுக்குப் பின்னால் போகவில்லை. அங்கேயே நின்றார். சிஸ்டர் மெதுவாகப் பேசினார். புரியாத பேச்சில் டோரிஸ் பெயர் மட்டும் இரண்டு தடவை வந்தது. உலகத்தில் கடைசியாக ஒரு இடத்திலும் அவள் செத்துப்போவதை அவர் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

திரையில் அந்தக் கை அப்படியே நின்றது. பிறகு ஒரு விசும்பல். அதற்குப் பின்னால் எங்கிருந்தோ ஒரு ஆண் குரல், தடுமாறித் தடுமாறி, நிறுத்தி நிறுத்தி நீளமாகப் பேசியது. சிஸ்டர் எதுவோ கேட்டார். அந்தக் குரல் மறுபடி பேசியது. பேசப் பேச உடைந்தது.

"யாரு சிஸ்டர் அது? அமேலியாவுக்கு ஒண்ணும் ஆகலயே?" ஸ்டான்லி பதறினார். "அவங்க ரொம்ப அழுதாங்களா? கோவமா இருக்காங்களா?"

சிஸ்டர் எவாஞ்சலின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் லலிதாவைப் பார்த்தார்.

"ஸ்டான்லி, அது அமேலியாவோட வீட்டுக்காரரு. அமேலியா போன கிறிஸ்துமசுக்கே போயிட்டாங்களாம். டோரிஸ்கிட்ட அதைச் சொல்ல மனசு வராம, இவரு இத்தன நாளும் பக்கத்து வீட்டம்மாவ உக்கார வச்சு அவங்க கையத்தான் காட்டிக்கிட்டு இருந்தாராம்."